நகம் வெட்டாத நாற்பத்தெட்டு நாள்

உக்கிரபாண்டி என்று அவனுக்குப் பெயர். பெயரில் இருக்கிற உக்கிரம் ஆளிடம் இல்லை. முப்பது வருடப் பழக்கத்தில் அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவன் வாசிக்கிற கருவியும் அந்த மாதிரிதான். மெல்லிசைக் குழுவில் பாஸ் கிடார். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற சனத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்றை வாசிப்பதே தெரியாது. அது நின்று போனால் மட்டும், பாட்டுக்கு அடியிலிருந்து எதையோ உருவிவிட்ட மாதிரி இருக்கிறதே என்று முழிப்பார்கள்.

என் பெயர் முத்திருளன். செல்லூரில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். ஹரிராம் நடத்துகிற மெல்லிசைக் குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி இறக்குவது, மைக் நடுவது, மிக்சரில் உட்கார்ந்து யார் சத்தம் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று பார்ப்பது எல்லாம் என் வேலை. முருகன் இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறான். தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடந்து போகிற ஒரு கூட்டத்துக்குப் பதினாலு வருடமாக நான் குருசாமி. மாலை போட்டுவிடுவதும் விரதக் கட்டுப்பாட்டைச் சொல்வதும் நான்தான். இந்த இரண்டு வேலையும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும் என்று போன மார்கழி வரைக்கும் எனக்குத் தோன்றியதில்லை.

பாண்டிக்கு அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். இருபத்திரண்டு வயதில் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்க மதுரைக்கு வந்தான். இன்றைக்கும் சோறு போடுவது அதுதான். விடியுமுன்னே மாட்டுத்தாவணிக்குப் போனால் காலை பத்து மணி வரை ஈர மல்லிகைச் சாக்கைத் தோளில் ஏற்றி ஏற்றி இறக்க வேண்டும். அந்த நாளில் சாயங்காலம் சும்மா இருக்கிறானே என்று பெட்டி தூக்க நான் கூட்டிக்கொண்டு போவேன். குழுவில் பாஸ் வாசித்தவன் திருப்பூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான். கிடார் தெரிந்தவர்கள் எல்லாரும் முன்னால் நின்று வாசிக்கிற லீட் கிடாரைத்தான் கேட்டார்கள். பாஸை எவனும் தொடவில்லை. பாண்டி ஒருநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கம்பியை ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, ஒத்தக் கம்பியவே போட்டு உலுக்குற?" என்றேன்.

"இங்கன தட்டுனா ஒரு மாதிரி கேக்குது. நாலு விரக்கடை தள்ளித் தட்டுனா வேற மாதிரி கேக்குது. அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அன்றைக்குப் பார்க்க ஆரம்பித்தவன்தான். முப்பது வருடமும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிக்சரில் உட்கார்ந்திருந்ததால் அவன் பார்த்ததெல்லாம் எனக்குக் காதால் தெரியும். பாஸ் கிடாரில் நாலே கம்பி. கம்பி முடிகிற கட்டைக்குப் பக்கத்தில் மீட்டினால் சத்தம் விறைப்பாக, கண்டிப்பாக வரும். கையைக் கழுத்துப் பக்கம் தள்ளிப் போனால் மெத்தென்று உருண்டு வரும். சோகப் பாட்டுக்கு அவன் கை தானாக மேலே ஏறும். டப்பாங்குத்துக்குக் கீழே இறங்கும். கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் என்கிற கட்டுக்கு ஒட்டினாற்போல் இடது கை விரல் அமுக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் தள்ளி அமுக்கினால் கிர்ரென்று ஒரு வண்டு சத்தம். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாற்றி மாற்றி, கால் மாற்றி நடக்கிற மாதிரிப் போகும். வேறு ஆட்கள் வாசிக்கும்போது ஒரு விரல் ஓங்கி விழுந்து நொண்டுவது எனக்குக் கேட்கும். பாண்டிக்கு அந்த நொண்டல் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, கம்பியைத் தொடுவது விரலின் சதைதான். நகம் படவே படாது. அவன் நகத்தை ஒட்ட ஒட்ட வெட்டி வைத்திருப்பான். பிள்ளை குளிப்பாட்டுகிற பொம்பளையைப் போல.

போன ஆவணியில் அவன் சம்சாரம் முனீஸ்வரிக்குக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதே ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. காலையில் மூட்டை தூக்கிவிட்டு நேரே அங்கே வந்து வராண்டாவில் உட்கார்ந்திருப்பான். சட்டையெல்லாம் மல்லிகை வாசம் அடிக்கும், முகத்தில் ஈ ஆடாது. ஒருநாள் என்னிடம், "முருகன்கிட்ட சொல்லிப்புட்டேன். இவ எந்திரிச்சு நடந்தா, நான் உன் மலைக்கு நடந்து வாரேன்னு" என்றான். ஐப்பசியில் முனீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள்.

மார்கழி முதல் தேதி அவனுக்கு நான் மாலை போட்டேன். பச்சைத் தண்ணீர்க் குளியல், காலில் செருப்பில்லை, ஒரு வேளைச் சாப்பாடு, தாடி மீசையில் கத்தி படக்கூடாது, நகம் வெட்டக் கூடாது. நகத்தைப் பற்றிச் சில கூட்டத்தில் சொல்வதில்லை. எங்கள் கூட்டத்தில் உண்டு. எனக்கு மாலை போட்டவர் சொன்னார், நானும் பதினாலு வருடமாகச் சொல்லி வருகிறேன். நான் அதைச் சொன்னபோது பாண்டி தன் வலது கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டான். எதற்குப் பார்க்கிறான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கேட்டுப் பழகிய காதுதான். ஆனால் அன்றைக்கு நான் குருசாமியாக இருந்தேன், மைக் செட்காரனாக இல்லை.

பன்னிரண்டாம் நாள் பரவையில் ஒரு பூஜைக் கச்சேரி. முதல் பாட்டிலேயே பாஸின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு 'டிக்' கேட்டது. சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி. ஒயர் போயிருக்கும் என்று ஒயரை மாற்றினேன். 'டிக்' போகவில்லை. மிக்சரில் பாஸ் வரிசையில் கீச்சென்று வருகிற மேல்சத்தத்தை நன்றாகக் குறைத்தேன். 'டிக்' மழுங்கியது. கூடவே பாஸின் முகமும் போய்விட்டது. எந்த ஸ்வரம் என்றே தெரியாமல் கும் கும் என்று புகை மாதிரி வந்தது. சரி, கூட்டி வைப்போம் என்று கூட்டினேன். முன்வரிசையில் இருந்த தகர நாற்காலிகள் அதிர்ந்தன.

இடைவேளையில் ஹரிராம் வந்தார். அவர்தான் குழுவுக்கு முதலாளி, கீபோர்டும் அவரே. என்னைவிட ஆறேழு வயது இளையவர்.

"முத்திருளண்ணே, பாஸுக்கு என்னாச்சு? வயித்தக் கலக்குது?"

"பெட்டில கோளாறு சார். உள்ள கூம்பு கிழிஞ்சிருக்கும்" என்றேன்.

கண்ணால் பார்க்காமல் சொன்னது அது. நம்பித்தான் சொன்னேன். ஆனாலும் பார்க்காமல் சொன்னேன். பாண்டி பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை.

அந்த வார்த்தையை நம்பி ஹரிராம் புத்தாண்டுக் கச்சேரிக்கு வேறு இடத்திலிருந்து புதுப் பெட்டிகள் எடுத்து வந்தார். ஜனவரி முதல் தேதி சாயங்காலம், நகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் மேடை. புதுப் பெட்டி துல்லியமான பெட்டி. 'டிக்' இன்னும் துலக்கமாகக் கேட்டது. பாடகி தமிழ்வாணி இரண்டு தரம் திரும்பிப் பாண்டியைப் பார்த்தாள். முடிந்து சாமான் ஏற்றும்போது எல்லார் முன்னாலும் ஹரிராம் சொன்னார். அவரும் கோபப்படுகிற மனிதர் இல்லை. அன்றைக்கு ரொம்ப அலுத்துப்போயிருந்தார்.

"பாண்டி சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒயர மாத்தியாச்சு. பெட்டிய மாத்தியாச்சு. மாத்தாதது ஒங்க கை ஒண்ணுதான்."

பாண்டி தலையை மட்டும் ஆட்டினான்.

"மாட்டுப்பொங்கலுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் கச்சேரி இருக்கு. பங்குனி சித்திரைக்குத் திருவிழா பேசுறவங்க அம்புட்டுப் பேரும் அங்க வந்துதான் நம்மளக் கேப்பாங்க. அன்னைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா, பாஸ நான் கீபோர்டுலயே எடது கையால வாசிச்சுக்கிறேன். நீங்க வீட்ல இருந்து அக்காவப் பாத்துக்கங்க. ஒங்களுக்கும் வயசாகுதுல்ல."

"சரிங்க சார்" என்றான் பாண்டி.

வேனில் கிடார்ப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலை மற்றக் காலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தான். மறுநாள் முனீஸ்வரியைப் பார்க்கப் போனேன். அவளிடம் அவன் எதையும் சொல்லவில்லை போல. அவளாகவே சொன்னாள்: "அண்ணே, அங்கிட்டுக் கச்சேரிக்குப் போயிட்டு வந்தாத்தான் இந்த மனுசன் வீட்டுல ரெண்டு வார்த்தை பேசுவாரு. மத்த நாள்லாம் பூவும் பேசாது, இவரும் பேசாது." ஒரு பக்கமாகக் கோணிய வாயால் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூட்டத்து அன்னதானம். வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு அடுத்து பாண்டி. ரசத்துக்குக் காத்திருக்கும்போது, எப்போதும் செய்கிற மாதிரி, வலது கை விரலிரண்டையும் எவர்சில்வர் டம்ளரில் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தான்.

டிக். டிக். டிக். டிக்.

நான் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அதே சத்தம். பரவையில் கேட்டது, புதுப் பெட்டியில் கேட்டது. அவன் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அரிசி அகலத்துக்கு நகம் வளர்ந்திருந்தது. சதைக்கு முன்னால் நகம் போய்க் கம்பியில் இடிக்கிறது. நான் ஒரு வாரமாக ஒயரையும் பெட்டியையும் திருகிக்கொண்டிருக்கிறேன். அந்த நகத்தை வளர்க்கச் சொன்னவனே நான்.

கை கழுவுகிற இடத்தில் அவனை மடக்கினேன்.

"ஏன் சாமி, ஒனக்கு இது மொதல்லயே தெரியும்ல?"

"தெரியும் சாமி." மாலை போட்டிருந்தால் திட்டுவதற்கும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவனுக்கே அதில் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வ? வெட்டுன்னு சொல்லுவ. அப்புறம் பதினாலு வருசமா சொன்னது பொய்யான்னு நீ ஒறங்க மாட்ட."

"வெட்டு சாமி. நான் சொல்றேன். பாவம் என்னச் சேரட்டும். முருகன் நகத்தப் பாக்குற சாமியா?"

பாண்டி குழாயை மூடினான். "முருகன் பாக்க மாட்டான், சரி. நான் பாப்பேன்ல? அவ நடந்தா இம்புட்டும் செய்றேன்னு நாந்தான சொன்னேன். அவ இப்பத்தான் செவத்த விட்டுட்டு நாலு எட்டு வைக்கிறா. அதுக்குள்ள நான் கொறச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

பயம் கலந்த பக்திதான் அது. எனக்குப் புரிந்தது. எனக்குள்ளும் அதே பயம் இருந்தது. அவன் வெட்டிவிட்டால், நாளை முனீஸ்வரி ஒருமுறை தடுக்கி விழுந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் அந்த நகத்தைத்தான் நினைப்போம்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. தினமும் மார்க்கெட் முடிந்து பதினொரு மணிக்கு என் கடைக்கு வந்துவிடுவான். ஒரு சின்னப் பெட்டியில் கிடாரைச் செருகி இரண்டு பேரும் முட்டிப் பார்த்தோம். முதல் நாள் விரல் நுனியில் பிளாஸ்திரி சுற்றினோம். 'டிக்' போனது. ஆனால் தப், தப் என்று தலையணையை அடிக்கிற சத்தம். விரலைச் சாய்த்து ஓரச் சதையால் மீட்டினான். நாலு அடி நன்றாக வரும், அஞ்சாவதில் நகம் எட்டிப் பார்க்கும். லீட் கிடார்காரர் மாதிரி பிளாஸ்டிக் வில்லையால் தட்டினான். அது நகத்தைவிட மோசம். கையை முழுக்கக் கழுத்துப் பக்கம் ஏற்றினான். அங்கே கம்பி தளர்ந்து ஆடுகிற இடம், 'டிக்' கொஞ்சம் அமுங்கியது. ஆனால் சத்தம் இழுபட்டுக்கொண்டே போய் அடுத்த அடியோடு ஒட்டியது.

நாலாம் நாள் தோள் வலியால் கையை உயர்த்த முடியவில்லை அவனுக்கு. அன்றைக்குப் பூ மூட்டை அதிகம். களைத்துப்போய் உள்ளங்கையின் அடிப்பக்கத்தைக் கம்பி முடிகிற கட்டையின் மேலேயே போட்டுச் சாய்ந்திருந்தான். கட்டைவிரல் மட்டும் தொங்கியது. அந்தக் கட்டைவிரலின் பக்கச் சதையால் சும்மா மேல் கம்பியை ஒருமுறை கீழ்நோக்கித் தள்ளினான்.

தும்.

நான் திரும்பினேன். அவனும் என்னைப் பார்த்தான்.

"இன்னொருக்கா" என்றேன்.

தும். உருண்டையாக, குட்டையாக, கோயில் தவிலில் இடது பக்கம் விழுகிற மாதிரி. கட்டைவிரல் படுக்கையாக விழுவதால் அதன் நகம் வானத்தைப் பார்க்கிறது, கம்பியைத் தொடவே வழியில்லை. உள்ளங்கை கம்பியின் மேல் கிடப்பதால் சத்தம் நீளாமல் தானாக அடங்குகிறது. மிக்சரில் நான் குறைத்து வைத்ததை எல்லாம் பழையபடி நேராக்கினேன். ஒன்றையும் திருக வேண்டியிருக்கவில்லை.

"இம்புட்டு நாளும் இத எங்க வச்சிருந்த?" என்றேன்.

"களச்சுப்போனாத்தான் கெடைக்கும் போல சாமி" என்றான்.

ஆனால் கட்டைவிரல் ஒன்று. இரண்டு விரல் மாற்றி மாற்றி ஓடுகிற ஓட்டத்தை அது ஒற்றைக் காலில் ஓட வேண்டும். மெதுவான பாட்டுக்கு அழகு. வேகப் பாட்டில் பாதி வழியில் மூச்சு வாங்கியது. அவன் அடிகளைக் குறைத்தான். எட்டு வைக்கிற இடத்தில் நாலு, நாலு வைக்கிற இடத்தில் இரண்டு. அப்புறம் கொப்புளம். முப்பது வருடம் காய்த்த விரல்கள் அந்த இரண்டும்தான். கட்டைவிரல் குழந்தைத் தோல். காலையில் ஐந்து மணி நேரம் ஈரச் சாக்கில் ஊறிவிட்டு வருகிற தோல் வேறு. நான் திருநீறு வைத்துவிட்டேன். முனீஸ்வரி இடது கையால் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாளாம். எதற்கென்று அவள் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

மாட்டுப்பொங்கல் அன்றைக்கு ஆறு மணிக்கே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் அடித்து மந்தையைச் சுற்றி ஓட்டி முடித்த கையோடு சனம் அப்படியே மேடைக்கு முன்னால் உட்கார்ந்தது. முன்வரிசையில் நாலைந்து ஊர்த் திருவிழாக் கமிட்டிக்காரர்கள். பாண்டி வெறுங்காலோடு, தாடியோடு, கழுத்தில் மாலையோடு ஓரமாக நின்றான். கூட்டத்தில் ஒருவன், "ஏப்பா, பழனிக்குப் போற பஸ்ஸு அங்கிட்டு நிக்குது" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். பாண்டியும் சிரித்தான்.

முதல் மூன்று பாட்டு பக்திப் பாட்டு, அப்புறம் ஒரு மெலோடி. கட்டைவிரல் விழ விழ, எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. பாட்டுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி இருந்தது. தமிழ்வாணி பாடி முடித்துத் தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தவள், "பாண்டிண்ணே, இன்னைக்கு ஒங்க மேல சாஞ்சுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு" என்றாள். ஹரிராம் என் பக்கம் பார்த்து, பெருவிரலை உயர்த்தினார். முருகா, காப்பாற்றிவிட்டாய் என்று நினைத்தேன்.

கமிட்டிக்காரர்கள் சீட்டு எழுதி அனுப்பினார்கள். எல்லாம் குத்துப்பாட்டு.

முதல் பாட்டைச் சமாளித்தான். இரண்டாவதில் அடிகளை இன்னும் குறைத்தான். மூன்றாவது பாட்டு அவனுக்கு எட்டாத வேகம். தாளக்காரர் இரண்டு பேரும் ஏறி மிதிக்க, கீழே தரை இல்லாமல் பாட்டு தொங்கியது. பாண்டியின் முகம் வேர்த்திருந்தது. கொப்புளம் உடைந்துவிட்டது என்று அவன் கையை உதறியதில் தெரிந்தது. அப்போது திடீரென்று எனக்கு இரண்டு பாஸ் கேட்டது. ஹரிராமின் இடது கை கீபோர்டின் கீழ்க்கோடிக்குப் போயிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பாட்டு விழுகிறது, அவர் பிடிக்கிறார். ஆனால் இரண்டு பாஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேறாகிவிட்டன. முன்வரிசையில் ஒருவர் காதுக்குள் விரலைவிட்டுக் குடைந்தார்.

ஏதாவது ஒன்றை நான் நிறுத்த வேண்டும். மிக்சரில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபேடர் இருக்கிறது. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் அடங்கும். பாண்டியின் ஃபேடரில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் இருபது வருடத்துக்கு முன்னால் நானே எழுதிய 'உபா' என்ற எழுத்து. அதை நான் கீழே இழுத்தேன். அடி வரைக்கும்.

பாட்டு எழுந்துகொண்டது. சனம் விசில் அடித்தது.

தான் வாசிப்பதைத் தானே கேட்பதற்காகப் பாண்டியின் காலடியில் வைத்திருந்த சின்னப் பெட்டியிலும் அவன் சத்தம் செத்திருக்கும். அவன் தலை நிமிர்ந்து, அவ்வளவு கூட்டத்தையும் தாண்டி நேரே என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். மறுபடி பார்த்தபோது அவன் வாசித்துக்கொண்டுதான் இருந்தான். சத்தமில்லாத கிடாரை, ஒரு அடி தவறாமல், பாட்டு முடிகிற வரைக்கும்.

அதற்கடுத்து மெலோடி வந்தது. ஃபேடரை மேலே தள்ளினேன். தும் என்று அவன் அங்கேயே இருந்தான். இப்படியே ஏற்றியும் இறக்கியும் அந்தக் கச்சேரியை முடித்தேன். மூன்று ஊரில் பங்குனிக்குத் தேதி கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஹரிராம் கடைக்கு வந்தார். பாண்டியும் இருந்தான். நகத்தைப் பற்றி நான்தான் அவரிடம் சொன்னேன், பெட்டி கோளாறு என்று பார்க்காமல் சொன்னதையும் சேர்த்து. அவர் பாண்டியின் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா? எங்க வீட்லயும் நேர்த்திக்கடன்லாம் உண்டு சாமி."

"இருக்கட்டும் சார்."

"சரி, நான் யோசிச்சேன். மெலோடி, பக்திப் பாட்டு எல்லாம் நீங்க. அந்தக் கட்டைவிரல் சத்தம் எனக்குக் கீபோர்டுல வராது, ராத்திரி பூரா தேடிப் பாத்துட்டேன். வேகப் பாட்டு நான் எடது கைல பாத்துக்கிறேன். மால கழட்டுனதுக்கப்பறமும் அப்படியே இருக்கட்டும். என்ன சொல்றீங்க?"

பாதி இடம் என்பது எந்தக் கணக்கு? பாண்டி யோசித்தான். அவன் முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோசமும் இல்லை. மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொள்கிறவன் முகம்.

"சரி சார். அப்ப வேகப் பாட்டு வாரப்ப எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. நின்னு நின்னு முட்டி போச்சு."

ஹரிராம் சிரித்துவிட்டார். "நாற்காலிதான? மெத்த வச்சே போடச் சொல்றேன்."

தை பிற்பாதியில் நடந்தோம். பரவையைத் தாண்டுகையில் வெயில் ஏறியிருந்தது. காவடிப் பாட்டுப் பாடுகிறவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாண்டியும் நானும் பின்தங்கினோம். நான் வாயைத் திறந்தேன்.

"சாமி, அன்னைக்கு ஒன் ஃபேடர நாந்தான் இழுத்தேன்."

"தெரியும்."

"வேற வழி தெரியல."

"அதுவுந்தான் தெரியும். வயித்துல கிடாரச் சாச்சுக்கிட்டா, அதிருறது தெரியும்ல. கட்டைல அதிருது, காத்துல இல்ல. சரி, மைக் செட்காரன் மைக் செட் வேலையப் பாக்குறான்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "குருசாமியா இருந்திருந்தா இழுத்திருக்க மாட்ட" என்றான்.

அது குத்தலா, சமாதானமா என்று நான் கேட்கவில்லை. காலில் கல் குத்தியது, இரண்டு பேருக்கும்.

பழனியில் முடி இறக்கி, மாலை கழற்றியதும் நானே அவன் கையைப் பிடித்து நகம் வெட்டிவிட்டேன். மதுரைக்கு வந்து இரண்டு நாள் பழையபடி விரலால் வாசித்துப் பார்த்தான். நாற்பத்தெட்டு நாளில் அந்த இரண்டு விரலின் காய்ப்பும் ஈரத்தில் ஊறி இளகிப்போயிருந்தது. வேகப் பாட்டில் மறுபடி கொப்புளம் வந்தது. திரும்பக் காய்க்க ஆறு மாதம் ஆகும் என்றேன். "ஆகட்டும், ஆகாமப் போகட்டும்" என்றான். முனீஸ்வரி இப்போது தெருமுனைக் கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறாள்.

பங்குனியில் மேடை ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மெத்தை இல்லை, சாதாரண நாற்காலிதான். மெலோடி முடிந்து குத்துப்பாட்டு ஆரம்பித்ததும் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறான். அசந்து தூங்குகிறான் என்றுதான் சனம் நினைக்கும். மடியில் கிடக்கிற கிடாரில் அவன் இடது கை மட்டும் கட்டு விட்டுக் கட்டு போய்க்கொண்டிருக்கும். வலது கட்டைவிரல் எப்போதாவது ஒருமுறை விழும். அந்த நேரத்தில் அவன் ஃபேடரை நான் அடி வரைக்கும் இழுப்பதில்லை. ஒரு நூல் திறந்து வைத்திருக்கிறேன். வெளியே யாருக்கும் கேட்காது. அவன் காலடிப் பெட்டியில் கேட்கும்.